'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று போஸ்டரில் போடுகிறவர்களுக்கு

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும், முக்கியமாகப் போஸ்டருக்கு வாசகம் எழுதித் தருகிறவர்களுக்கும், வணக்கம்.

நான் விமர்சனம் எழுதுகிறவள் இல்லை. ஒரு படத்துக்கு ஐந்து டிக்கெட் எடுக்கிறவள். நான், கணவர், 15 வயதில் மகள், 8 வயதில் மகன், 72 வயதில் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஐந்து பேருக்கும் பிடித்த படம் அமைவது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். அதில் எனக்குப் புகார் கிடையாது. ஐந்து பேருக்கும் ஒத்துப்போகிற ஃபேன் வேகமே எங்கள் வீட்டில் இல்லை, படம் எம்மாத்திரம்.

என் புகார் போஸ்டரில் நீங்கள் போடும் அந்த ஒரு வரியைப் பற்றியது. 'குடும்பத்தோடு கொண்டாட வேண்டிய படம்', 'குடும்பங்கள் கொண்டாடும் வெற்றிச் சித்திரம்', 'ஃபேமிலி என்டர்டெயினர்'. இதை எந்தப் படத்துக்குப் போடுகிறீர்கள், எதற்குப் போடுவதில்லை என்பதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தேன். போஸ்டரில் ஒரு பாட்டியோ ஒரு குழந்தையோ சிரித்தால் இந்த வரி கூடவே வந்துவிடுகிறது. வேறு கணக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் அப்படி ஒரு போஸ்டரை நம்பிப் போனோம். படத்தின் பெயர் வேண்டாம். மோசமான படமும் இல்லை அது. முதல் பாதியில் அத்தைகூட இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். இடைவேளை முடிந்து ஓர் இருபது நிமிடம் இருக்கும், கதையில் ஒரு சின்னப் பெண்ணைக் கடத்துகிறார்கள். அப்புறம் ஒரு பூட்டிய அறை, கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை. எதையும் காட்டவில்லை என்பது உண்மைதான். கேமரா கதவை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் சத்தம் இருந்தது. அரங்கின் நாலு சுவரிலிருந்தும் வந்தது.

மகன் முதலில் என் வளையலைப் பிடித்தான். பிறகு துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை "முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டான். கண்ணை மூடியாயிற்று, காதை மூட இரண்டு கை வேண்டும், அவனுடைய ஒரு கை என் வளையலை விடவில்லை. கடைசியில் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனார். மீதிப் படம் முழுக்க இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அதே படத்தின் பெரிய பேனர். அதில் அந்தச் சின்னப் பெண் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி மகன் கேட்டது ரத்தத்தைப் பற்றியோ வில்லனைப் பற்றியோ இல்லை. "அந்தப் பாப்பா அவ்வளவு சத்தம் போட்டுச்சே, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஏன்மா கேக்கல?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் ஹால் விளக்கை அணைக்காமல் தூங்கினோம்.

இதை வைத்து, சுத்தமான படமாக எடுங்கள், ரத்தம் வேண்டாம், சண்டை வேண்டாம் என்று கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சமீபமாக ஓடிய படங்களைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

'லப்பர் பந்து' ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தது. இத்தனைக்கும் அதில் சாதி இருக்கிறது. அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்கிற அரசியல் இருக்கிறது. மாமனாராகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவனும் மைதானத்தில் முறைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு அத்தை, "உங்க மாமாவும் எங்க அண்ணனும் இப்படித்தான், ஒரு சீட்டாட்டத்துக்காகப் பதினோரு வருஷம் பேசிக்கல" என்று ஆரம்பித்தார். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் நான் கேள்விப்படாத கதை. இன்னொரு பக்கம் மகள், "நல்லா ஆடறவனை ஏன் டீம்ல சேக்க மாட்டேங்கறாங்க?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தார், அவள் விடவில்லை. படம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குடும்பப் படம் என்றால் எனக்கு இதுதான்.

'மெய்யழகன்' அப்படி இல்லை. இரண்டு ஆண்கள் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். மகன் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டான். மகள் போனை எடுத்துவிட்டாள். அத்தை மட்டும் அசையவில்லை. விட்டுவிட்டு வந்த ஊருக்குப் பல வருஷம் கழித்துப் போகிறவர், தன்னை இப்படித் தாங்குகிற ஆளின் பெயர் ஞாபகம் வராமல் தவிக்கிறார் இல்லையா, அதற்கு அத்தையும் கூடச் சேர்ந்து தவித்தார். 2024-இல் படம் வெளியான சில நாட்களிலேயே நீளம் அதிகம் என்று சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். அத்தையைக் கேட்டிருந்தால் இன்னும் 18 நிமிடம் சேர்க்கச் சொல்லியிருப்பார்.

2025-இல் பார்த்த வரிசையில் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் உண்டு, இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்குகிற குடும்பத்தின் கதை. ஒரு தெருவில் இத்தனை பேர் நல்லவர்களாக இருக்க முடியுமா என்று கணவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் படம் ஓடும்போது சொல்லவில்லை. அதில் வரும் சின்னப் பையன் வாயைத் திறந்த போதெல்லாம் எங்கள் பையன் சோபாவில் உருண்டான். 2025-இலேயே வந்த 'பறந்து போ'வை எல்லாரும் குழந்தைகள் படம் என்றார்கள். என் பையன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். நானும் கணவரும்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடனுக்காக ஓடுகிற பெற்றோரைத் திரையில் பார்ப்பது அவ்வளவு சுகமாக இல்லை. நல்ல படம். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை.

குழந்தை இருக்கிற படம் வேறு, குழந்தைக்கான படம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. குழந்தைகளுக்கான சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கிய 'காக்கா முட்டை'யில் வறுமை இருக்கிறது, சிறையில் அப்பா இருக்கிறார், ஏமாற்றுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். எதையும் மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அந்த இரண்டு பையன்களின் உயரத்திலிருந்து பார்த்தது. மகன் பாதியில் வெளியேறிய படத்தில் குழந்தை எதற்கு இருந்தது என்றால், நாயகனுக்குக் கோபம் வருவதற்கு. இந்த வேலைக்குக் குழந்தைகளை ரொம்பவே பயன்படுத்துகிறீர்கள். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பம் என்றதும் நீங்களும் நானும் குழந்தையைத்தான் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு படம் உலுக்கிப்போட்டது அத்தையைத்தான். சண்டையே இல்லாத, முத்தமே இல்லாத, எந்தத் தாத்தா பாட்டியும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்ன படம். கடைசியில் அப்பா பாத்திரத்தை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஐ.சி.யு. அறை, மூக்கில் குழாய், மானிட்டரின் 'பீப் பீப்' சத்தம், பிள்ளைகள் கண்ணாடி வழியே பார்க்கிறார்கள். நன்றாகவே எடுத்திருந்தார்கள், அதுதான் வினையாகிப்போனது. மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி ஒன்பது நாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அத்தை உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சைக் கோடு நேராவதற்கு முன்னாலேயே அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். "படம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் படத்துக்கு எந்த வயது எண்ணைப் போட்டிருந்தாலும் அத்தைக்கு அது உதவியிருக்காது.

மகளுடைய கணக்கு தனி. ரத்தம், பேய் எதற்கும் அவள் அசைய மாட்டாள். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று காட்டினால் எழுந்து போய்விடுவாள். போகும்போது எங்களையும் ஒரு பார்வை பார்ப்பாள், நாங்கள்தான் அந்தக் காட்சியை எழுதியது மாதிரி. கணவர் இரட்டை அர்த்த வசனம் வந்தால் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். திடீரென்று ஒருத்தருக்கு இருமல் வரும், ஒருத்தர் ஜன்னலைப் பார்ப்பார், ஒரு கை ரிமோட்டைத் துழாவும். எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் அத்தைக்கு அடியில் இருக்கும். "அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்லி, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ரிமோட்டை எடுப்பதற்குள் அந்த காமெடிக் காட்சி முழுக்க முடிந்திருக்கும். அத்தைக்கு அதெல்லாம் புரியாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம். எங்களைவிட முன்னாடியே புரிந்துவிடுகிறது என்பது சமீபத்தில்தான் தெரிந்தது.

சரி, 'அதான் போஸ்டர் மூலையில் யு/ஏ என்று போட்டிருக்கிறோமே' என்பீர்கள். போடுகிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

1952-ஆம் வருஷத்து ஒளிப்பதிவுச் சட்டத்தில் தொடங்கிய கதை இது. பொதுமக்களுக்கு யு, பெரியவர்களுக்கு மட்டும் ஏ. நடுவில் யு/ஏ வந்தது 1983-இல்: 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். அதன்பிறகு நாற்பது வருஷம், லேசான பேய்ப் படத்திலிருந்து தலை உருளும் படம் வரை அந்த ஒரே பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன, இப்போது யு/ஏ மூன்றாகப் பிரிந்து 7+, 13+, 16+ என்று இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் வாசலில் தடை என்பது ஏ-வுக்கு மட்டும்தான், 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது. யு/ஏ பக்கத்தில் எந்த எண் இருந்தாலும் அது பெற்றோருக்கான யோசனை, முடிவு நம்முடையது.

முடிவெடுக்க நான் தயார். எதை வைத்து எடுப்பது? 13+ என்றால் எதனால் 13+? கெட்ட வார்த்தையா, ரத்தமா, தற்கொலையா, குழந்தைக்கு வரும் ஆபத்தா? கெட்ட வார்த்தை என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், என் பையன் பள்ளி வேனில் தினமும் கேட்பதுதான். குழந்தையைக் கடத்தும் கதை என்றால் அவனை அத்தையோடு வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் வருவோம். எண் ஒன்றுதான், ஆனால் காரணத்தைப் பொறுத்து என் முடிவே மாறிவிடுகிறது. அந்தக் காரணத்தைத்தான் போஸ்டரில் காணோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே படம் சில வாரங்கள் கழித்து ஓடிடிக்கு வரும்போது காரணமும் கூடவே வந்துவிடுகிறது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி தளங்கள் வயது எண்ணோடு உள்ளே என்ன மாதிரி விஷயம் இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் 'வன்முறை, கெட்ட வார்த்தைகள்' என்று இரண்டு மூன்று சொற்கள் வந்து போகும், பார்த்திருப்பீர்கள். ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடக்கூடிய வீட்டில் எச்சரிக்கை இருக்கிறது. காசு கொடுத்து, வரிசையின் நடுவில் இருட்டில் மாட்டிக்கொள்கிற தியேட்டருக்கு அது கிடையாது.

கடல் தாண்டினால் உங்கள் படங்களே வேறு மாதிரி அறிமுகமாகின்றன. பிரிட்டனில் 12ஏ, 15 என்று தரம் பிரிக்கும்போது என்ன காரணத்துக்காக அந்த எண் என்பதையும் எழுதிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பிஜி13, என்சி16 என்பதோடு, வன்முறை உண்டு என்றோ கடுமையான வார்த்தைகள் உண்டு என்றோ ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும். அங்கே இருக்கிற ஒரு தமிழ் அம்மாவுக்கு நீங்கள் எடுத்த படத்தைப் பற்றித் தெரிந்தது, படம் எடுத்த ஊரில் இருக்கிற எனக்குத் தெரியாது.

அந்த ஓரெழுத்துக்காக நீங்கள் படும் பாடும் எனக்கு ஓரளவு தெரியும். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-இல் மாநில அரசு சொன்னது. 2011-இல், யு சான்றிதழும் வேண்டும் என்று அதோடு சேர்த்தார்கள். அப்போதெல்லாம் யு-வுக்காக எதை வேண்டுமானாலும் வெட்டத் தயாராக இருந்தீர்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கணக்கு மாறிப்போனது. ஏ வாங்கினால் டி.வி.யில் அப்படியே போட முடியாது, குடும்பக் கூட்டமும் வராது. அதனால் இப்போது சண்டையெல்லாம் ஏ-வைத் தவிர்ப்பதற்கு. 2025-இல் 'கூலி'க்கு ஏ கிடைத்தபோது யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடியானது. யார் சொன்னது சரி என்று பேச நான் வரவில்லை. ஓர் எழுத்துக்காக நீதிமன்றம் வரை போகிறவர்களுக்கு, எங்களுக்காக ஒரு வரி எழுதுவது பெரிய வேலையா என்றுதான் கேட்கிறேன்.

எச்சரிக்கை என்பதே உங்களுக்குப் பழக்கம் இல்லாத விஷயமும் இல்லை. நாயகன் சிகரெட்டை வாயில் வைத்ததும் திரையின் கீழே எழுத்து வந்துவிடுகிறது. என் பையன் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கப் பழகியதில் பாதி அந்த வரியில்தான். இன்றைக்கும் அது வந்தால் தியேட்டரில் சத்தமாகப் படிப்பான், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சண்டைக் காட்சியில் வில்லன் புகைத்துக்கொண்டே வரிசையாக ஆட்களை வெட்டிச் சாய்த்தான். கீழே எழுத்து நிதானமாக நின்றது. இவன் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "சிகரெட்டுக்கு மட்டும்தான் போடுவாங்களா?" என்றான்.

நான் கேட்பது இவ்வளவுதான். போஸ்டரிலும், டிக்கெட் எடுக்கும் பக்கத்திலும், டிரெய்லரின் கடைசியிலும் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். இதற்கு விதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் போஸ்டரில் 'அதிரடி', 'மிரட்டல்' என்று போட நீங்கள் எந்த விதிக்காகவும் காத்திருக்கவில்லையே. சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள், அத்தைக்குப் படிக்கிற அளவு எழுத்தில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு நானே இரண்டு மூன்று எழுதிப் பார்த்தேன்.

'கதையில் ஒரு குழந்தை கடத்தப்படுகிறது. அழுகுரல் நீண்ட நேரம் கேட்கும்.'

'ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான மரணக் காட்சி உண்டு. சண்டை கிடையாது.'

'கடைசிச் சண்டையில் ரத்தம் அதிகம். அதற்கு முன்னால் குழந்தைகள் சிரிக்கலாம்.'

'யாரும் சாகவில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம்.'

கடைசி வரியை ஒரு போஸ்டரில் பார்த்தால் முதல் நாளே ஐந்து டிக்கெட் எடுப்பேன்.

கதை வெளியே தெரிந்துவிடும் என்பீர்கள். கடத்தியது யார் என்று நான் கேட்கவே இல்லை. ஏன் கடத்தினான், குழந்தை கிடைத்ததா என்றும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினால் மருந்தின் ரகசியம் போய்விடாது. அப்படியும் திருப்பம் கெட்டுவிடும் என்று ஓர் இயக்குநர் நிஜமாகவே பயந்தால், 'குழந்தைகளுக்குத் துன்பம் நேரும் காட்சிகள் உண்டு' என்று பொத்தாம்பொதுவாகவே போடட்டும். எனக்கு அது போதும். உங்கள் டிரெய்லர்களில் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறீர்கள் என்பதையும் இந்த இடத்தில் நான் சொல்லாமல் விட முடியாது.

கூட்டம் குறையும் என்பது அடுத்தது. இதற்கு என்னிடம் ஊர்க் கணக்கு எதுவும் இல்லை, வீட்டுக் கணக்குதான் இருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்த அந்த நாளுக்கு அப்புறம், நல்ல படம் என்று நாலு பேர் சொன்ன நாலு படங்களை நாங்கள் தியேட்டரில் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்குமோ, ஓடிடியில் வரட்டும், முதலில் நாம் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று தள்ளிப்போட்டோம். ஐந்து ஐந்தாக எண்ணினால் இருபது டிக்கெட். அந்த நாலில் மூன்று படங்களில் பயப்பட ஒன்றுமே இல்லை என்பது வீட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு வரி இருந்திருந்தால் அந்த மூன்று படத்துக்கும் வந்திருப்போம். எங்களைப் போன்றவர்களைப் பயமுறுத்தி விரட்டுவது கெட்ட காட்சி மட்டும் இல்லை, தெரியாமல் போய் மாட்டுவோமோ என்கிற சந்தேகமும்தான்.

இப்போதைக்கு இந்த வேலையை உங்களுக்காக நாங்கள் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம், அது உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் சனிக்கிழமை காலையில் எனக்கு மூன்று போனாவது வரும். படம் எப்படி என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?" அவ்வளவுதான் கேள்வி. நானும் சொல்வேன்: போலாம், ஆனா இடைவேளை முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் லேட்டா உள்ள போ. போலாம், கிளைமாக்ஸ்ல சின்னவனைத் தூக்கி மடியில வெச்சுக்கோ. உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகாத, அந்த ஆஸ்பத்திரி சீன் வேண்டாம். என் ஆபீஸ் தோழி ஒருத்தி இதைவிட ஒரு படி மேல். எத்தனையாவது நிமிடத்தில் எது வருகிறது என்று போனில் குறித்து வைத்திருப்பாள். எந்தப் பாட்டு ஆரம்பித்தால் பிள்ளையை வெளியே கூட்டிப் போக வேண்டும், எந்த வசனம் கேட்டால் திரும்பி வரலாம் என்பதுவரை அவளிடம் இருக்கும். இவ்வளவு கவனமாக உங்கள் எடிட்டர்கூடப் படத்தைப் பார்த்திருப்பாரா தெரியாது.

அவள் வராத வாரங்களில்தான் எனக்குச் சிக்கல். இந்த வாரம் அவள் ஊரில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்களில் ஒருவருடைய படம் வருகிறது. போஸ்டரில் வழக்கம்போல 'குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்'. பாட்டி சிரிக்கிறார். டிரெய்லரை எங்கள் வீட்டில் ஏழெட்டுத் தடவை போட்டாயிற்று, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, மகளே வருவதாகச் சொல்லிவிட்டாள். டிரெய்லரில் ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி பையனோடு கட்டிலில் தூங்குகிறது, மழையில் ஓடுகிறது. அப்புறம் கடைசி பத்து நொடியில், எல்லாரும் ஓடி வந்து எதையோ சுற்றி நிற்கும்போது, அந்த நாயைக் காணோம். மகன் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். மனிதர்கள் செத்தால் அவன் சமாளித்துவிடுவான், மிருகங்கள் என்றால் முடியாது. நேற்று ராத்திரி படுக்கப் போகும்முன் கேட்டுவிட்டுப் போனான்.

நாய்க்கு ஏதாவது ஆகுமா? டிக்கெட் எடுப்பதற்குள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஐந்து டிக்கெட் எடுக்கும் ஒருத்தி